அபார்ட்மென்ட் குழுவில் பண்டிகை வாழ்த்தே கூடாது என்கிறார்கள், என்ன செய்யலாம்?

தாம்பரம்வாசி கேட்டது:

வணக்கம். தாம்பரத்தைத் தாண்டி ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறோம், இந்த வருடம் சங்கத்துக்கு நான்தான் செயலாளர். தண்ணீர் லாரி, லிஃப்ட் ரிப்பேர், பார்க்கிங் இதற்கெல்லாம் ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. இப்போது அந்தக் குழுவில் சண்டை எதற்கு என்றால் பண்டிகை வாழ்த்துக்கு.

கிறிஸ்துமஸ் அன்று காலையில் வரிசையாக எல்லோரும் வாழ்த்துப் போட்டார்கள். முதல் மாடியில் இருக்கும் முஸ்லிம் நண்பர் மட்டும் "அனைவருக்கும் விடுமுறை நாள் நல்லபடியாக அமையட்டும்" என்று எழுதினார். உடனே ஒருவர், "ஏன் சார், கிறிஸ்துமஸ் வாழ்த்து என்று சொன்னால் என்ன குறைந்துவிடும்?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டார். அவர் பொறுமையாகத்தான் பதில் சொன்னார், தான் படித்த அளவில் மார்க்கப்படி அதைச் சொல்லக்கூடாது என்று நம்புவதாகவும் யார்மீதும் தனக்கு வெறுப்பு இல்லை என்றும். அத்தோடு விட்டிருக்கலாம். இன்னொருவர் மூன்றாவது மாடிக் கிறிஸ்தவக் குடும்பம் தீபாவளிப் பலகாரத்தை வாங்கவில்லை என்று இழுத்தார், அந்தக் குடும்பம் போன பெரிய வெள்ளிக்கு யாரோ பூங்கொத்துப் படம் போட்டு வாழ்த்து அனுப்பியதைச் சொன்னது, முகரத்துக்கு விளக்குப் படத்தோடு வாழ்த்து வந்த கதையும் அப்புறம் வெளியே வந்தது. மத்தியானத்துக்குள் நாலு பேர் குழுவை விட்டே வெளியேறிவிட்டார்கள்.

இப்போது ஒரு தீர்மானம் கொண்டுவந்திருக்கிறார்கள்: இனி குழுவில் எந்தப் பண்டிகைக்கும் வாழ்த்து கிடையாது, குடியரசு தினம், சுதந்திர தினம் இரண்டுக்கு மட்டும் போடலாம். அடுத்த பொதுக்குழுவில் ஓட்டுக்கு வருகிறது. எனக்கு மனம் ஒப்பவில்லை. ஒருத்தர் வீட்டு நல்ல நாளில் பக்கத்து வீட்டுக்காரன் வாயைத் திறக்கக்கூடாது என்று எழுதிவைப்பது எந்த ஊர் வழக்கம்? ஆனால் மறுபடி இப்படி ஒரு காலை வரவும் கூடாது. பல மதத்தவர் சேர்ந்து இருக்கும் இடங்களில் நீங்கள் எப்படி நடத்துகிறீர்கள்? யார் யாருக்கு எது சங்கடம் என்றும் விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மேலப்பாளையத்துக்காரி எழுதியது:

அந்த முதல் மாடி சகோதரர் பக்கம் இருந்து ஆரம்பிக்கிறேன். பிற மதப் பண்டிகைக்கு வாழ்த்துச் சொல்லலாமா என்பதில் எங்கள் ஆலிம்களுக்குள்ளேயே, அதாவது மார்க்க அறிஞர்களுக்குள்ளேயே, ஒரே கருத்து கிடையாது. 14ஆம் நூற்றாண்டு அறிஞர் இப்னு தைமிய்யாவும் அவருடைய மாணவர் இப்னுல் கய்யிமும் கூடாது என்றார்கள், அந்த வழியில் போகிறவர்கள் இன்றும் சொல்லமாட்டார்கள். மார்க்கத் தீர்ப்பு சொல்லும் அமைப்புகளான எகிப்தின் தாருல் இஃப்தாவும் ஐரோப்பிய ஃபத்வா கவுன்சிலும் சொல்லலாம் என்கின்றன, அண்டை வீட்டாரோடும் கூட வேலை செய்கிறவர்களோடும் நல்லுறவு வைப்பதில் அது சேரும், அவர்கள் நம்பிக்கையை நாம் ஏற்றுக்கொண்டதாக ஆகாது என்று. எங்கள் வீட்டில் நாங்கள் தீபாவளிக்கும் கிறிஸ்துமஸுக்கும் வாழ்த்துச் சொல்வோம். என் பெரியப்பா சொல்லமாட்டார். ஆனால் தெருவில் யார் வீட்டில் ஆஸ்பத்திரிச் செலவு வந்தாலும் முதலில் போய் நிற்கிறவர் அவர்தான், தெருவில் எல்லோருக்கும் அது தெரியும், அதனால் அவர் வாழ்த்துச் சொல்கிறாரா இல்லையா என்று யாரும் பார்ப்பதில்லை. உங்கள் குழுவில் நடந்த தப்பு அவர் சொல்லாமல் விட்டதில் இல்லை, எல்லோர் முன்னாலும் வைத்து "ஏன் சொல்லவில்லை" என்று கேட்டதில்தான் இருக்கிறது. அவர் நாள் நல்லபடியாக அமையட்டும் என்றுதான் எழுதியிருக்கிறார். அதுவும் வாழ்த்துதானே?

நமக்கு ஒருவர் வாழ்த்துச் சொன்னால் அதைவிட அழகாகவோ, இல்லை அதே அளவிலோ திருப்பிச் சொல்லும்படி குர்ஆன் 4:86 சொல்கிறது. 60:8இல் உங்களோடு மார்க்கத்துக்காகப் போரிடாதவர்களுக்கு நன்மை செய்வதை அல்லாஹ் தடுக்கவில்லை என்றும் இருக்கிறது. என் மாதிரி ஆட்கள் இதைப் பிடித்துக்கொண்டுதான் வாழ்த்துச் சொல்கிறோம்.

அப்புறம் முகரம். அது கி.பி. 680இல் கர்பலாவில் இமாம் ஹுசைன் கொல்லப்பட்ட மாதம், விடுமுறை விடுவது அதன் 10ஆம் நாளுக்கு. ஷியாக்களுக்கு அது துக்க நாள், சுன்னிகளில் நிறைய பேர் அன்று நோன்பு வைப்போம். அரசு விடுமுறை என்பதால் காலண்டரைப் பார்த்துவிட்டுச் சிலர் கொண்டாட்டப் படம் அனுப்பிவிடுகிறார்கள். தெரியாமல் அனுப்புகிறவரை நாங்கள் கோபிப்பது இல்லை, தெரிந்தபின் அனுப்பாமல் இருந்தால் போதும். நபிகள் பிறந்த நாளான மீலாது நபியும் அப்படிப் பார்த்துச் செய்ய வேண்டியது. கொண்டாடுகிற வீடும் உண்டு, அதை மார்க்கத்தில் இல்லாதது என்று ஒதுக்குகிற வீடும் உண்டு, இரண்டும் ஒரே தெருவில் இருக்கும்.

ரம்ஜானுக்கு இன்னொரு விஷயம். காலண்டரில் அச்சடித்திருக்கும் தேதி உத்தேசம்தான். 29ஆம் நோன்பு முடிந்து மஃரிப் என்ற அந்தித் தொழுகைக்குப் பிறகு பிறை தெரிந்தால்தான் மறுநாள் பெருநாள், தெரியாவிட்டால் 30ஆம் நோன்பு. தலைமை காஜி அறிவிப்பு வருவதற்குள் உங்கள் குழுவில் "ஈத் முபாரக்" கொட்ட ஆரம்பித்தால், இங்கே நாங்கள் மறுநாள் சஹருக்கு, அதாவது விடியுமுன் சாப்பிடும் நோன்புச் சாப்பாட்டுக்கு, அரிசி களைந்து வைத்துக்கொண்டிருப்போம். ராத்திரி அந்த வீட்டுக்காரர்களிடமே "நாளைக்குத்தானே?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அப்படிக் கேட்பதே எங்களுக்குப் பெரிய சந்தோஷம்.

குமரிக்கடல் எழுதியது:

பலகார விஷயத்துக்கு நான் சொல்கிறேன், நாங்கள் கத்தோலிக்கர், என் மனைவி வீட்டார் பெந்தெகொஸ்தே. அதனால் இரண்டு பக்கமும் பார்த்தவன்.

படைத்த பண்டத்தைச் சாப்பிடலாமா என்ற கேள்வி இன்று நேற்று வந்தது இல்லை. பைபிளில் பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தில் 8ஆம் அதிகாரம் முழுக்க இதுதான். 10ஆம் அதிகாரத்தில் ஒருவர் வீட்டுக்குக் கூப்பிட்டால் முன்னால் வைப்பதை ஒன்றும் விசாரிக்காமல் சாப்பிடு என்கிறார், அடுத்த வரியிலேயே இது படைத்தது என்று யாராவது சொன்னால் சாப்பிடாதே என்கிறார். ஒரே கடிதத்தை வைத்துக்கொண்டு ஒரு வீடு வாங்கும், ஒரு வீடு வாங்காது. முஸ்லிம்களிலும் பலருக்கு இதே கணக்குதான். இதை எங்கள் பக்கத்து வீட்டு அம்மா எனக்கு விவரம் தெரிந்த நாளில் இருந்து எப்படிச் செய்கிறார்கள் என்றால், தீபாவளிக்கு முறுக்கும் அதிரசமும் சுட்டு எடுத்ததும், சாமிக்கு எடுத்து வைப்பதற்கு முன்னால் ஒரு எவர்சில்வர் தூக்கில் எங்கள் பங்கைத் தனியாக மூடி வைத்துவிடுவார்கள். கொடுக்கும்போது "இது படைக்கிறதுக்கு முன்னாடி எடுத்தது" என்று அவர்களே சொல்லிவிடுவார்கள். அந்தத் தூக்கு டிசம்பரில் முந்திரிக்கொத்தும் அச்சுமுறுக்குமாக அந்த வீட்டுக்குத் திரும்பப் போகும். மூன்றாவது மாடிக் குடும்பத்திடம் யாராவது ஒருவர் நேரில் போய், குழுவில் இல்லை, நேரில் போய், "தனியாக எடுத்து வைத்தால் வாங்கிக்கொள்வீர்களா?" என்று கேட்டுப் பாருங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். அநேகமாக வாங்கிக்கொள்வார்கள்.

பெரிய வெள்ளி பற்றி அவர்கள் வருத்தப்பட்டது நியாயம். அன்று ஆண்டவர் சிலுவையில் மரித்த நாள். ஒரு சந்தி என்று நோன்பு இருப்போம், கோயிலில் சிலுவைப் பாதை வழிபாடு, வீட்டில் டிவிகூடப் போடமாட்டோம். அப்போது போனில் ரோஜாப்பூவும் வாழ்த்தும் வந்தால் மனதுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும். வாழ்த்து ஈஸ்டர் ஞாயிற்றுக்கு, அதைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள், விடுமுறை ஞாயிற்றுக்கிழமையோடு போய்விடுவதால் கவனத்துக்கு வருவதில்லை என்று நினைக்கிறேன். திருநீற்றுப் புதனில் ஆரம்பிக்கும் தவக்காலத்தில் பல வீடுகளில் கறி, மீன் எடுக்கமாட்டார்கள், அந்த நாளில் அசோசியேஷன் பிரியாணி விருந்து வைக்காமல் பார்த்துக்கொண்டால் நல்லது.

கிறிஸ்தவர் என்றாலே கிறிஸ்துமஸ் வாழ்த்து என்றும் முடிவு கட்டவேண்டாம். என் மனைவி வீட்டார் சபையில் கிறிஸ்துமஸ் கொண்டாடுவது கிடையாது, பைபிளில் அந்தத் தேதி இல்லை என்பார்கள். யெகோவாவின் சாட்சிகள் பிறந்தநாள்கூடக் கொண்டாடமாட்டார்கள். நல்லெண்ணத்தோடு சொன்னால் நன்றி என்று வாங்கிக்கொள்வார்கள், பதில் வாழ்த்தை எதிர்பார்க்கக்கூடாது.

வாழ்த்தே வேண்டாம் என்கிறவர்களுக்கு ஒன்று. வத்திக்கான் 1967இல் இருந்து ரமலான் முடிவில் முஸ்லிம்களுக்கு வாழ்த்துச் செய்தி அனுப்புகிறது, 1995இல் இருந்து தீபாவளிக்கும் அனுப்புகிறது. 1991இல் வளைகுடாப் போர் நடந்த வருடம் போப் இரண்டாம் ஜான் பால் தானே கையெழுத்துப் போட்டு அனுப்பினார். உறவு கெட்டுப்போன வருடத்தில் வாழ்த்தை நிறுத்தவில்லை, பெரியவரே முன்வந்து சொன்னார். உங்கள் பொதுக்குழுவில் இதை ஒருமுறை சொல்லிப் பாருங்கள்.

தஞ்சாவூரான் எழுதியது:

எல்லோரும் ஒரு பக்கமாகவே பேசுகிறீர்கள். எனக்கு அந்தத் தீர்மானத்தில் நியாயம் தெரிகிறது.

நான் மதத்துக்கு எதிரி இல்லை. எங்கள் ஊர்ப் பக்கம் காசவளநாடு புதூரில் இந்துக்கள்தான் தலைமுறை தலைமுறையாக முகரத்துக்கு விரதம் இருந்து, அல்லா சாமி என்று கும்பிட்டு, தீ மிதிக்கிறார்கள். அதையெல்லாம் பார்த்து வளர்ந்தவன்தான். ஆனால் அங்கே யாரும் யாருக்கும் படம் ஃபார்வர்டு செய்வதில்லை. வாட்ஸ்அப் குழுவில் நடப்பது வேறு. ஒருவர் போட்டால் அடுத்தவர் போட்டாக வேண்டும், போடாதவர் பெயரை மனதில் குறித்துக்கொள்கிறார்கள். அலுவலகங்களில் இன்னும் மோசம், மேலதிகாரி ஒரு வாழ்த்துப் போட்டார் என்றால் கீழே இருக்கிற அத்தனை பேரும் அவருக்காகப் போடுகிறார்கள், பண்டிகை யாருடையதோ அவரை யாரும் நினைக்கவே இல்லை. இது உறவா? தண்ணீர் எத்தனை மணிக்கு வரும் என்று பார்க்கிற இடத்தில் எழுபது படம் கிடக்கிறது, அதற்கு நடுவே ஒரு வயதானவர் லிஃப்டில் மாட்டிக்கொண்டதாகப் போட்ட செய்தி மேலே போய்விடுகிறது.

என் கட்சி இதுதான்: குழுவில் வேண்டாம், வாசலில் போய்ச் சொல்லுங்கள். நாலு படி ஏறி ஒரு வீட்டுக் கதவைத் தட்டிச் சொல்கிறவனை யாரும் "ஏன் அப்படிச் சொன்னாய்" என்று சண்டைக்கு இழுக்கமாட்டார்கள். அப்படிப் போகிற அளவுக்குப் பழக்கம் இல்லை என்றால் அந்தப் படத்துக்கும் அர்த்தம் இல்லை.

மட்டக்களப்பு வாவிக்கரை எழுதியது:

தஞ்சாவூர் அண்ணன் சொல்வதில் பாதி சரி. வாசலுக்குப் போவது நல்லதுதான். ஆனால் வாசலுக்குப் போக ஏலாத காலமும் வரும் அண்ணன், அதை நாங்கள் அனுபவித்தவர்கள்.

இலங்கையில் எங்கள் பக்கம் தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்த ஊர்களில் இருக்கிறோம். சித்திரை வருஷத்துக்கு நாங்கள் கொக்கிஸ் என்கிற முறுக்கும் மற்றப் பலகாரமும் தட்டில் வைத்துத் துணியால் மூடிக் கொடுத்து விடுவோம், நோன்புப் பெருநாளைக்கு அங்கிருந்து வட்டிலப்பம் என்கிற இனிப்பு வரும். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு, எங்கள் ஊர் சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தது. செத்தவர்களில் கனபேர் சின்னப் பிள்ளைகள். கொச்சிக்கடையிலும் நீர்கொழும்பிலும் அதே காலையில் நடந்தது உங்களுக்கும் தெரியும். அடுத்த மாதம் நோன்பு தொடங்கிவிட்டது. எங்களுக்குப் பல வருஷம் வட்டிலப்பம் தந்த வீட்டுக்காரர்கள் ஒரு குற்றமும் செய்யாதவர்கள், அவர்களுக்கு எங்கள் முகத்தைப் பார்க்கவே தயக்கம், எங்களுக்கும் அந்தப் பக்கம் போவதற்குத் தயக்கம். மே மாதத்தில் வேறு ஊர்களில் முஸ்லிம் கடைகளை உடைத்தார்கள். கொழும்புக் கத்தோலிக்கப் பேராயர் கர்தினால் மல்கம் ரஞ்சித் பழிவாங்க வேண்டாம் என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அந்தப் பெருநாளைக்குத் தட்டு வரவில்லை. என்ர அம்மா போனை எடுத்து அந்த வீட்டு அக்காவுக்குப் பெருநாள் வாழ்த்து என்று இரண்டு வரி அனுப்பினா, அவ்வளவுதான். அந்த அக்கா போன் எடுத்து அழுதா. ஒரு வார்த்தை கதைக்கவில்லை இரண்டு பேரும். வாசலுக்குப் போக முடியாத நேரத்தில் அந்த இரண்டு வரி போனது. அதனால்தான் எழுதி வைத்துத் தடை செய்யாதேங்கோ என்கிறேன். தடை இருக்கிற இடத்தில் அப்படி ஒரு நாள் வந்தால் எல்லோரும் விதியைச் சாட்டாக வைத்து வாயை மூடிக்கொண்டிருந்துவிடுவார்கள்.

ஈப்போ தமிழன் எழுதியது:

மலேசியாவில் இதற்குத் திறந்த இல்ல உபசரிப்பு இருக்கிறது. தீபாவளிக்கு மலாய்க்கார, சீன நண்பர்கள் நம் வீட்டுக்கு வருவார்கள், நோன்புப் பெருநாளுக்கும் சீனப் பெருநாள் என்கிற சீனப் புத்தாண்டுக்கும் நாம் போவோம். மலாய்க்காரர் வருகிறார்கள் என்றால் ஹலால் சமையல்காரரிடம் சாப்பாடு சொல்லிவிடுவோம், பலர் புதிய காகிதத் தட்டுதான் வைப்பார்கள். அவர்கள் வீட்டில் நமக்காக மாட்டிறைச்சி கலக்காத மேசை தனியாக இருக்கும். பிள்ளைகளுக்குக் கொடுக்கும் பண உறை சீனப் பெருநாளுக்குச் சிவப்பு, நோன்புப் பெருநாளுக்குப் பச்சை, தீபாவளிக்கு ஊதா என்று வந்துவிட்டது. 2004இல் இருந்து 2006 வரை தீபாவளியும் நோன்புப் பெருநாளும் ஒட்டி ஒட்டி வந்தபோது தீபாவளியையும் மலாய் மொழியில் பெருநாளைக் குறிக்கும் ராயாவையும் சேர்த்து தீபராயா என்றே சொல்லி விளம்பரம் செய்தார்கள். இரண்டையும் ஒன்றாகக் கலக்கக்கூடாது என்று மார்க்கத் தரப்பில் அப்போது எதிர்ப்பும் வந்தது. எனக்கும் கலக்கவேண்டும் என்று தோன்றவில்லை. அவரவர் பண்டிகை அவரவர் பெயரிலேயே இருக்கட்டும், நாம் விருந்தாளியாகப் போவோம்.

வந்தவாசி நயினார் எழுதியது:

எங்களை யாரும் சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன். நாங்கள் தமிழ்ச் சமணர். தீபாவளி எங்களுக்கும் உண்டு, மகாவீரர் வீடுபேறு அடைந்த நாளாகக் கும்பிடுகிறோம், பட்டாசு வெடிப்பதில்லை. எங்கள் வீட்டில் வெடிச் சத்தம் இல்லை என்பதற்காக ஏதோ துக்கம் என்று நினைத்து வாழ்த்தாமல் போகிறவர்கள் உண்டு, தாராளமாகச் சொல்லுங்கள், சந்தோஷப்படுவோம். விருந்துக்குக் கூப்பிட்டால் பொழுது சாய்வதற்குள் கூப்பிடுங்கள், எங்கள் பெரியவர்கள் இருட்டிய பிறகு சாப்பிடமாட்டார்கள். கிழங்கு, தேன் சேர்க்காத பண்டமாக இருந்தால் நல்லது. மகாவீர் ஜெயந்திக்கு இதுவரை அடுத்த வீட்டுக்காரர் யாரும் வாழ்த்துச் சொன்னதில்லை. கறிக்கடை மூடியிருக்கிறதே என்று அலுத்துக்கொள்வதைத்தான் கேட்டிருக்கிறோம்.

தாம்பரம்வாசி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. மட்டக்களப்பு நண்பர் எழுதியதை வீட்டில் வாசித்துக் காட்டினேன்.

நான் நினைத்திருப்பது இப்படி. தடைத் தீர்மானம் வேண்டாம் என்று பேசப்போகிறேன். தஞ்சாவூர் நண்பர் சொன்னது போல லிஃப்ட், தண்ணீர் குழுவைத் தனியாக வைத்துவிட்டு, பேசுவதற்கு என்று இன்னொரு குழு, விருப்பம் உள்ளவர்கள் சேரலாம். சங்கத்தின் சார்பில் ஒரே ஒரு வாழ்த்து, நான் போடுவது, படம் இல்லாமல், பண்டிகையின் பெயரும் இரண்டு வரியும். யார் பதில் போட்டார்கள், போடவில்லை என்று யாரும் யாரையும் கேட்கக்கூடாது, கேட்டால் நான் தலையிடுவேன். அப்புறம் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு படிவம் கொடுத்து, என்ன மதம், எந்தப் பண்டிகை கொண்டாடுவீர்கள், எது சாப்பிடமாட்டீர்கள் என்று எழுதி வாங்கி, ஒரு பட்டியலாக நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிடலாம் என்று இருக்கிறேன். எல்லோருக்கும் தெரிந்துவிடுமே?

மேலப்பாளையத்துக்காரி எழுதியது:

மற்றதெல்லாம் நன்றாக இருக்கிறது, அந்தப் பட்டியல் மட்டும் வேண்டாம் சகோதரரே. எந்த வீட்டில் எந்த மதம் என்று கதவு எண்ணோடு எழுதி வாசலில் ஒட்டிவைப்பதை நினைத்தாலே எனக்கு அடி வயிறு கலங்குகிறது. உங்கள் எண்ணம் நல்லது என்று எனக்குத் தெரியும், ஆனால் அந்தக் காகிதம் நாளைக்கு யார் கையில் போகும் என்று உங்களுக்கோ எனக்கோ தெரியாது. கலவரக் காலங்களில் இப்படிப்பட்ட பட்டியலை வைத்து வீடு தேடி வந்திருக்கிறார்கள்.

படிவம் இல்லாமல் வாயால் கேளுங்கள். மெயின்டனன்ஸ் பணம் வாங்க எல்லா வீட்டுக்கும் போவீர்கள்தானே, அப்போது "உங்களுக்கு எந்த நாள் முக்கியம், நாங்கள் என்ன சொன்னால் சந்தோஷமாக இருக்கும்?" என்று கேட்டால் அவர்களே சொல்வார்கள். சொல்ல விருப்பம் இல்லாதவர்கள் சொல்லாமல் இருக்கட்டும். உங்கள் மனதில் வைத்துக்கொண்டால் போதும்.

குமரிக்கடல் எழுதியது:

அதேதான். பட்டியல் ஒட்டாதீர்கள். அந்த வெளியேறிய நாலு பேர் வீட்டுக்கும் பொதுக்குழுவுக்கு முன்னாலேயே ஒரு நடை போய்விட்டு வாருங்கள், முதல் மாடியிலிருந்து ஆரம்பியுங்கள்.

தாம்பரம்வாசி எழுதியது:

சரி சகோதரி, பட்டியல் இல்லை. அந்தக் கோணம் எனக்குத் தோன்றவில்லை. முதல் மாடிக்கு இன்று சாயங்காலமே போகிறேன். பொதுக்குழு முடிந்ததும் என்ன முடிவானது என்று இங்கே எழுதுகிறேன்.